தெருமண்ணு படாத மிதியடி

பம்பாய்ல இறங்குனதும் நான் செஞ்ச முதல் காரியம், தாதர் ஸ்டேஷன்ல அம்புட்டு சனத்துக்கு நடுவுல குத்தவச்சு, எம் பேத்தி வடிவோட பாவாடையை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பாத்ததுதான். காலு இருந்துச்சு. ரெண்டு காலும் இருந்துச்சு. வலது காலு முன்ன மாதிரியே சூம்பிப்போய் முருங்கைக்காய் கணக்காத்தான் இருந்துச்சு, ஆனா இருந்துச்சு. அதுக்கு ரெண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடையில ஒரு வாரு, முட்டுக்குக் கீழ ஒண்ணு, அடியில கருப்பு பூட்ஸு.

"ஆச்சி! என்ன செய்யுத? எல்லாரும் பாக்காங்க!"

"பாக்கட்டும். காலை வெட்டலையாளா?"

"யாரு வெட்டுனா?"

சங்கதி என்னன்னா, எம் மவன் மாடசாமி பம்பாய்லருந்து காயிதம் போட்டிருந்தான். எனக்கு எழுத்து தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல பக்கத்து வீட்டு டீச்சரம்மாதான் எழுதுதா. அன்னைக்குத் தபால்காரரு வாசிச்சாரு: வடிவுக்கு ஆஸ்பத்திரியில இரும்புக் கால் போட்டாச்சு, கோயில் கொடைத் திருவிழாவுல வில்லுப்பாட்டுல பாடப் போறா, நீ வந்து பாக்கணும். இரும்புக் கால் போட்டாச்சுன்னா, இருந்த காலை எங்க போட்டாங்கன்னுதானே வளத்தவ மனசு கேக்கும்? ரயில்ல ஏறுனதுலருந்து அழுதுகிட்டே வந்தேன். எதிர்ல இருந்த ஆந்திராக்காரி புளிச்சோறு தந்தா. அதையும் அழுதுகிட்டேதான் தின்னேன். என்னா காரம்! எது அழுகைக் கண்ணீரு, எது காரத்துக் கண்ணீருன்னு எனக்கே தெரியலை.

மாடசாமி தலையில அடிச்சுக்கிட்டான். "எம்மா, காலுக்கு மேல போட்டிருக்குன்னு எழுதியிருக்கணும். தப்பு என் மேலதான்."

மூட்டை தூக்க வந்த போர்ட்டரு என்னன்னு கேட்டாரு. வடிவு இந்தியில சொன்னா. மனுசன் மூட்டையைக் கீழ வச்சுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். சிரிக்காம என்ன செய்ய? காலு இருக்கே!

வடிவுக்கு மூணு வயசுல காச்சல் வந்து காலு விழுந்துட்டு. இளம்பிள்ளை வாதம்னாங்க. எட்டு வயசு வரைக்கும் ஊர்ல எங்கூடத்தான் இருந்தா. எங்கூடன்னா, இந்த இடுப்புல. குளத்துக்குப் போனாலும் இடுப்பு, கல்யாண வீட்டுக்குப் போனாலும் இடுப்பு. நான் நடக்கையில இடது பக்கம் கொஞ்சம் சாஞ்சுதான் நடப்பேன், அவ உக்காந்த அடையாளம் அது. அப்புறம் அப்பன் ஆத்தாகிட்ட பம்பாய்க்குப் போயிட்டா. இப்ப பத்தொம்பது வயசு. தாதர் ஸ்டேஷன் படிக்கட்டுல கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு டக்கு டக்குன்னு எனக்கு முன்னால ஏறுதா. எனக்குத்தான் மூச்சு இரைக்கி.

தாராவியில மாடசாமி வீடு ஒத்தை அறை. கோலின்னு சொல்லுவாங்க. எங்க வீட்டு மாட்டுத்தொழுவு இதைவிடப் பெருசுன்னு சொன்னேன், மருமவ பேச்சிக்கு மூஞ்சி ஒரு மாதிரி ஆயிட்டு. ஆனா அந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சா நம்ம பேச்சுதான். "எப்ப வந்தீய? ஊர்ல மழை உண்டா? குளம் பெருகிட்டா?" ரெண்டு நாள் ரயில்ல வந்து திரும்ப நம்ம ஊருக்கே வந்த மாதிரி இருந்துச்சு. தோல் பதனிடுற நாத்தம் மட்டும்தான் புதுசு. மூணு நாள் மூக்கைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். நாலாம் நாளு நாத்தம் போச்சா, என் மூக்கு போச்சான்னு தெரியலை.

வீட்டுக்கு வந்ததும் வடிவு வாசப்படியில உக்காந்தா. வாரை அவுத்து இரும்புக் காலை பூட்ஸோட கழத்துனா. பேச்சி அதை வாங்கி வெளிய ஆணியில, குடைக்குப் பக்கத்துல மாட்டுனா. பிள்ளை கையை ஊனி உள்ள இழைஞ்சு போனா.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. "இம்புட்டு நேரம் நடந்தவளை ஏன்ளா இழைய விடுத?"ன்னு கேட்டேன்.

"தின்னுறது, படுக்குறது, சாமி விளக்கு, எல்லாம் இந்த ஒரு தரையிலதான் அத்தை. தெருவை மிதிச்ச பூட்ஸை எப்படி உள்ள விட?"

அவ கேக்குததும் ஞாயந்தான். பூட்ஸைக் கழத்திட்டுக் கம்பியை மட்டும் போட்டுக்கிடலாம்னா, கம்பி பூட்ஸோட சேத்து அடிச்சிருக்கு. பூட்ஸு போனா கம்பியும் போச்சு.

வெள்ளன எந்திரிச்சா பாலு பாட்டில்ல வருது. மேல வெள்ளித்தாள் மூடி. மாட்டைப் பாக்காம மடியைப் பாக்காம எப்படிக் குடிக்கன்னு முதல் நாள் தொடலை. ரெண்டாம் நாள் ரெண்டு கிளாஸ் குடிச்சேன். பாவுன்னு ஒரு ரொட்டி, சாயாவுல முக்கித் திங்கணும். பல்லு போனவளுக்குன்னே செஞ்சிருக்கான். கக்கூஸுக்குத்தான் வரிசை. இருபது வீட்டுக்கு ஒரு வரிசை, கையில தகர டப்பா. அங்க ஒண்ணு பாத்தேன். கடைசிக் கக்கூஸுல சுவத்துல ஒரு இரும்புக் கம்பி பதிச்சிருக்கு. மாடசாமி வடிவுக்காகப் பதிச்சது. பிடிச்சுக்கிட்டுக் குந்தலாம், பிடிச்சுக்கிட்டு எந்திரிக்கலாம். இப்ப மாசமா இருக்கவ, முட்டுவலிக்காரி, எல்லாருக்கும் அந்தக் கக்கூஸுதான் வேணும். ஆனா வடிவு டப்பாவோட வந்தா, பக்கத்து வீட்டு மராட்டிக்காரி ஷாந்தாபாய் "ஏய், விலகுங்க, வீட்டுக்காரி வந்துட்டா!"ன்னு கத்துவா. நானும் அந்தக் கம்பியைப் பிடிச்சுத்தான் எந்திரிச்சேன். மகராசனா இருக்கட்டும் எம் மவன்.

ஒரு நாளு சாயங்காலம் கோயில் பெரியவரு பரமசிவம் என்னைப் பாக்க வந்தாரு. எங்க வீட்டுக்காரருக்குத் தம்பி முறை, என்னை மயினிம்பாரு. சாயா குடிச்சாரு, ஊர்ல செத்தவங்க கணக்கெல்லாம் கேட்டாரு, எந்திரிக்கும்போது விஷயத்துக்கு வந்தாரு.

"பிள்ளை பின்பாட்டு பாடட்டும் மயினி. அந்தக் குரலு ஆத்தா குடுத்தது. ஆனா பூட்ஸுக்காலோட வில்லு மேடையில ஏறக்கூடாது. விளக்கு இருக்கு, படையல் இருக்கு. போன வருஷம் மாதிரி தூக்கிட்டு வந்து வச்சிருங்க."

"வைக்கதுக்கு நான் என்ன குத்துவிளக்கா தாத்தா?"ன்னு வடிவு கேட்டா. அவரு செருப்பைத் தேடிப் போயிட்டாரு.

போன வருஷம் என்ன நடந்துச்சுன்னு பேச்சி சொன்னா. வடிவோட சித்தப்பா அவளை அரிசி மூட்டை கணக்கா தோள்ல தூக்கிட்டு வந்து மேடையில இறக்குனானாம். கீழ இருந்து ஒருத்தி "ஐயோ பாவம்"ன்னு சொன்னது இவ காதுல விழுந்துட்டு. அன்னைக்குப் பூரா இவ பாட, சனங்க இவ காலைப் பாத்துக்கிட்டிருந்துச்சாம். அதுக்கு அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சு அலைஞ்சு இந்த இரும்புக் காலை வாங்கியிருக்கா.

"இந்தத் தடவை நானே நடந்து ஏறணும் ஆச்சி. தூக்குனாங்கன்னா பாட மாட்டேன்"ன்னு சொன்னா. சத்தம் போட்டுச் சொல்லலை. கத்தரிக்காய் அரிஞ்சுக்கிட்டே சொன்னா. அவ தாத்தாவும் அப்படித்தான், மெதுவாச் சொன்னாருன்னா மாத்த முடியாது. கொடைக்கு இன்னும் பன்னெண்டு நாளு கிடந்துச்சு.

மறுநாளு ஆஸ்பத்திரிக்குக் காலைக் காட்டப் போகணும். நானும் வாறேன்னு கிளம்புனேன். மாடிபஸ்ஸுன்னு ஒண்ணு வருது, பஸ்ஸு மேல பஸ்ஸு. மேல ஏறிப் பாக்கணும்னு ஆசை. வடிவுக்கு முடியாதேன்னு வாயை மூடிக்கிட்டேன். அவ கண்டுபிடிச்சுட்டா. "நீ மேல போய் உக்காரு ஆச்சி, இறங்கும்போது கண்டக்டரு கூப்பிடுவாரு"ன்னா. போனேன். பொய் சொல்லக்கூடாது, ராணி மாதிரி இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா ரூமு வாசல்ல நான் ஒரு காரியம் செஞ்சேன். என் செருப்பைக் கழத்தி ஓரமா வச்சேன். நம்ம ஊர்ல வைத்தியரு வீட்டுக்குள்ள செருப்புக்காலோட போவோமா? வடிவுகிட்டயும் "கழத்துளா"ன்னேன். "இங்க யாரும் கழத்த மாட்டாங்க ஆச்சி"ன்னா. "உசுரு குடுக்கறவங்க முன்னால பூட்ஸோட போவியா? மரியாதை வேண்டாமா?"ன்னு ஒரு அதட்டு அதட்டுனேன். பாவம், பெஞ்சுல உக்காந்து எல்லா வாரையும் அவுத்தா. நான் இரும்புக் காலைத் துண்டுல சுத்தி மஞ்சப்பையில போட்டுக்கிட்டேன். அவ தொடையைக் கையால அழுத்திக்கிட்டு, என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, நொண்டி நொண்டி உள்ள வந்தா.

டாக்டரம்மா பார்சிக்காரி. செவசெவன்னு, கண்ணாடி போட்டு. பாத்ததும் பேனாவைக் கீழ வச்சுட்டா.

"காலிப்பர் எங்க?"ன்னு கேட்டாளாம். அந்த இரும்புக் காலுக்கு அவங்க வச்ச பேரு அது. நான் பையைத் திறந்து, துண்டை விரிச்சு, தாம்பூலம் மாதிரி மேசை மேல வச்சேன்.

அதுக்கு அப்புறம் அந்தம்மா பேசுனதை வடிவு எனக்குச் சொல்ல மாட்டேன்னுட்டா. நான் விடலை. "போட்டு நடக்கக் குடுத்ததா, பையில வச்சு ஊர்வலம் விடக் குடுத்ததா"ன்னு கேட்டாளாம். வடிவு, எங்க ஆச்சிதான் மரியாதைக்குக் கழத்தச் சொன்னாங்கன்னு சொல்லியிருக்கா. அந்தம்மா என்னைப் பாத்தா. என் வெறுங்காலைப் பாத்தா. கோவம் கொஞ்சம் இறங்குச்சு. அப்புறம்தான் கேட்டா: "அப்ப வீட்டுக்குள்ளயும் கழத்திருவியா?"

"ஆமா."

"வெளிய எவ்வளவு நேரம் இருப்பே?"

"காலையில கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம்."

அந்தம்மா எந்திரிச்சு வந்து, வடிவு முட்டைப் பிடிச்சு மெதுவா நீட்டிப் பாத்தா. முழுசா நீளலை. முட்டு மடங்கினபடியே இறுகுதாம். நாளு பூரா போட்டிருக்க வேண்டியதை ரெண்டு மூணு மணி நேரம் போட்டா காலு நேராகாதாம். இப்படியே விட்டா இந்த இரும்பும் உதவாதாம். ஆறு மாசமா ஒவ்வொரு தடவையும் "தினம் போடுதியா"ன்னு கேட்டிருக்கா, இவ "போடுதேன்"ன்னு சொல்லியிருக்கா. ரெண்டு பேரு மேலயும் தப்பில்லை. வாசப்படியிலயே கழத்திருவாங்கன்னு அந்தம்மாவுக்குத் தெரியாது, அதைச் சொல்லணும்னு இவளுக்குத் தெரியாது. நான் செஞ்ச கோட்டித்தனத்துலதான் அது வெளிய வந்துச்சு.

செம்பூர்ல இரும்புக் காலு செய்யுற ஒரு பட்டறைக்குச் சீட்டு எழுதிக் குடுத்தா. வெளிய வந்து செருப்பைத் தேடுதேன், ஒத்தைச் செருப்பைக் காணும். மரியாதைக்கு விலை ஒத்தைச் செருப்பு. ஷாந்தாபாய் கேட்டுட்டு, இனிமே நீயும் ஒத்தைக் காலு பூட்ஸு போட்டுக்கோன்னா.

நடுவுல ஒரு நாளு மாதுங்காவுக்குப் பூ வாங்கக் கூட்டிட்டுப் போனா வடிவு. மாதுங்கான்னா தாராவிக்குப் பக்கம்தான், ஆனா வேற தேசம். மடிசாரு மாமிங்க, கறிவேப்பிலைக் கட்டு, வாழைக்காய், காப்பி வாசம். ஒரு ஹோட்டல்ல காப்பி குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, நம்ம கருப்பட்டிக் காப்பி குடிச்ச நாக்கு கொஞ்சம் முணுமுணுத்துச்சு. வர்ற வழியில ஒரு கட்டடத்து முன்னால வடிவு நின்னா. மாடியில பாட்டுக் கச்சேரி நடக்குற எடமாம். ஏறிப் போக நாப்பது படி.

"இங்கதான் ஆச்சி நான் பாட்டுக் கேக்குறது."

"மேல போயா?"

"இல்லை, இந்தப் பிளாட்பாரத்துல. ஜன்னலு திறந்திருக்கும். மழைக்காலத்துல மூடிருவாங்க, அப்ப எனக்கு லீவு."

மேல பட்டுச்சேலை கட்டி உக்காந்து கேட்டவளுக்கெல்லாம் பாட வருமோ வராதோ, கீழ நின்னு கேட்டவளுக்கு வருது. ஆனாலும் எனக்கு அந்தப் படியைப் பாக்கப் பாக்கக் கோவமா வந்துச்சு. நாப்பது படி கட்டத் தெரிஞ்சவனுக்குக் கீழ ஒரு அறையில பாட்டு வைக்கத் தெரியலை.

திங்கக்கிழமை செம்பூருக்குக் கிளம்புனோம். சயான் ஸ்டேஷன்ல லோக்கல் ரயிலு. எனக்கு வடிவு பாடம் சொல்லிக் குடுத்தா: "ஆச்சி, வண்டி ஒரு நிமிசம்கூட நிக்காது. நான் முதல்ல ஏறுவேன், நீ என் பின்னால." நான் "சரிளா, உன்னை நான் பாத்துக்கிடுதேன்"னேன். வண்டி வந்துச்சு. பொம்பளைங்க கூட்டம் பின்னாலருந்து ஒரு தள்ளு. கண்ணைத் திறந்து பாக்கேன், நான் உள்ள இருக்கேன், வடிவு பிளாட்பாரத்துல இருக்கா. வண்டி போகுது.

கத்துனேன் பாருங்க, ஊருக்கே கேட்டிருக்கும். அடுத்த ஸ்டேஷன்ல இறங்கலாம்னா வாசல்ல நிக்கவங்க விடலை. அதுக்கு அடுத்ததுலயும் முடியலை. மூணாவது ஸ்டேஷன்ல மீன்கூடை வச்சிருந்த ஒரு பொம்பளை என் கையைப் பிடிச்சு இறக்கி, அவளும் இறங்கிட்டா. அவ மராட்டியில பேசுதா, நான் தமிழ்ல அழுதேன். "நொண்டிப் பிள்ளை தாயி, தனியா நிக்கா, என்ன ஆனாளோ"ன்னு சொல்லி, நொண்டி நடந்தும் காமிச்சேன். அவ குழாயடியில என்னை உக்கார வச்சுத் தண்ணி குடுத்தா. அவ மீனு வெயில்ல கிடக்கு, போகாம நிக்கா. எந்த ஊருலயும் ஒரு மகராசி இருக்கத்தான் செய்யுதா.

அடுத்த வண்டி வந்துச்சு. வாசல்ல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு தூணாப் பாத்துக்கிட்டு, யாரு நிக்கா? வடிவு. வண்டி நின்னதும் நல்ல காலை ஊனி, இரும்புக் காலை வீசி, இறங்குனா.

"நீ தொலைஞ்சு போனா கொடைக்கு எனக்கு யாரு ஆச்சி பூ வைப்பா?"ன்னு சிரிக்கா.

மீன்காரி எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு என்னமோ சொன்னா. என்னன்னு கேட்டேன். "நொண்டிப் பிள்ளை தொலைஞ்சு போச்சுன்னு அழுதீங்களே, தொலைஞ்சது நீங்கதானா?"ன்னு கேட்டாளாம். ஆமா தாயி, நான்தான்.

செம்பூர்ல பட்டறைக்காரரு பேரு லால்சந்த். சிந்திக்காரரு. நாடு பிரிஞ்சப்ப எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவராம். தகரக் கொட்டகை, சுவரு பூரா காலு தொங்குது. மரக்காலு, இரும்புக் காலு, சின்னப் பிள்ளைக் காலு. போனதும் முதல்ல சுட்ட அப்பளமும் தண்ணியும் குடுத்தாரு. அவங்க வழக்கமாம். சோறு இல்லாம வெறும் அப்பளத்தை எப்படின்னு பாத்தேன், மிளகு தூக்கலா நல்லாத்தான் இருந்துச்சு. அப்பளத்தை எடுக்க எந்திரிச்சு நடக்கையிலதான் பாத்தேன், அவருக்கே ஒரு காலு மரம்.

டாக்டரம்மா சீட்டைப் படிச்சாரு. அதை ஓரமா வச்சுட்டு வடிவுகிட்ட கேட்டாரு: "காலையில கண்ணு முழிச்சதுலருந்து என்ன செய்யுதே, சொல்லு." இவ சொன்னா. வாசப்படி, ஆணி, குடை, அடுப்பு, சாமி விளக்கு, மேடை, பெரியவரு, எல்லாம். ஒரு இடத்துலயும் குறுக்கே பேசலை அந்த மனுசன். கடைசியில தன் மரக்காலைத் தட்டிக் காமிச்சு, "எங்க அம்மாவும் இதோட சமையல்கட்டுக்குள்ள விட மாட்டா. அவ சாகுற வரைக்கும் நான் வாசல்லதான் சாப்பிட்டேன்"ன்னு சொன்னாராம்.

அப்புறம் தொழில்காரன் மூளையைக் காட்டுனாரு. கம்பியை பூட்ஸோட அடிக்காம, குதிகால்ல ஒரு இரும்புக் குழாய் வைப்பாராம். கம்பி நுனி ரெண்டும் அந்தக் குழாய்க்குள்ள போய் உக்காந்துக்கிடும். இழுத்தா வந்துரும். பூட்ஸுக்கு ஒரு குழாய், வீட்டுக்குள்ள போடுறதுக்கு வேற ஒரு மிதியடி, அதுக்கு ஒரு குழாய். கம்பி ஒண்ணுதான், வாசப்படியில மாத்திக்கிட வேண்டியதுதான்.

"தோலு வேண்டாம்னு சொல்லுளா"ன்னேன். கோயில்ல பேச்சு வரும்லா. அவரு யோசிச்சு, மரத்துல அடிக்கட்டை, மேல கூடாரத் துணின்னாரு. வடிவுக்கு அந்தக் காலு ஒரு இஞ்சு குட்டை. மரம் ஒரு இஞ்சு இருந்தா, மத்தக் காலு வெறுங்காலாவே இருக்கலாம், சரியாப் போயிரும். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிடச் சொன்னாரு. பாட்டுக்காரியா நீன்னு கேட்டு, ஒரு பாட்டு பாடச் சொன்னாரு. கொட்டகைக்குள்ள அம்புட்டு காலுக்கு நடுவுல நின்னு பாடுனா. வேலை செஞ்சவங்கல்லாம் ரம்பத்தை நிப்பாட்டிட்டுக் கேட்டாங்க. பாஷை தெரியாது, ஆனா கேட்டாங்க.

வெள்ளிக்கிழமை அந்த மிதியடியைக் கொண்டு வந்து, வாசப்படிக்கு உள்ள உக்காந்து, பூட்ஸுலருந்து கம்பியை இழுத்து இதுல சொருகினா. எந்திரிச்சு நின்னா. எங்க கோலி அஞ்சு எட்டு நீளம். அஞ்சு எட்டையும் நடந்தா. அடுப்புகிட்டப் போய் நின்னு பாலைப் பொங்க விட்டா. பேச்சி முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டா. நான் "பாலு பொங்குது, அணைளா!"ன்னு கத்துனேன். யாராவது ஒருத்தி தெளிவா இருக்க வேண்டாமா?

மிச்சம் இருந்தது பெரியவருதான். சாயங்காலம் நான் அந்த மிதியடியைத் தாம்பாளத்துல வச்சு, மேல துண்டு போட்டு, கோயிலுக்குக் கொண்டு போனேன். வடிவு பின்னால வந்தா. கொடைக்குப் பந்தல் போட்டுக்கிட்டு இருந்தாங்க, மாடசாமி வேலை பாக்குற தோல்பட்டறை ஆளுக எல்லாரும் இருந்தாங்க.

"என்ன மயினி, தட்டுல? பொரி உருண்டையா?"

துண்டை எடுத்தேன். அவரு மூஞ்சி மாறிட்டு. "செருப்பைத் தாம்பாளத்துலயா கொண்டாந்தீங்க?"

"செருப்பு இல்லை வேய். தெருவை மிதிக்காதது. வாசல்ல பூட்ஸை விட்டுட்டு இதைப் போட்டுக்கிட்டு உள்ள வருவா. நல்லாத் தடவிப் பாரும், ஒரு மண்ணு இருக்கா?"

தடவிப் பாத்தாரு. திருப்பிப் பாத்தாரு. "தோலு உண்டா?"

"இல்லை. இருந்தாத்தான் என்ன? ஆத்தா முன்னால நீரு அடிக்கிற உடுக்கு என்ன வாழைமட்டையா? வில்லுல கட்டுன நாணு தோலுதானே? அதை ஆத்தா கேக்கா. எம் பேத்தி காலைக் கேக்க மாட்டாளா?"

பந்தக்காரங்க சிரிச்சுட்டாங்க. "பெரியவரே, மயினிகிட்ட மாட்டிக்கிட்டீரு!"ன்னு ஒருத்தன். அவரு சிரிக்கலை. மனுசன் கெட்டவரு இல்லை, ஏதாச்சும் குத்தமாயிரக்கூடாதேன்னு பயம். கொடையில ஒரு குறை வந்தா ஊரே அவரைத்தான் கேக்கும். மிதியடியைக் கையில வச்சுக்கிட்டு அம்மன் நடையைப் பாத்தாரு.

அப்புறம் வடிவைப் பாத்து, "இதைப் போட்டுட்டு நடந்து காமி"ன்னாரு.

வாசல்ல ஸ்டூலைப் போட்டு உக்காந்தா. பூட்ஸைக் கழத்துனா, இதை மாட்டுனா, உள்ள வந்தா. அம்மன் முன்னால வந்து நின்னு கும்பிட்டா. பம்பாய் வந்து பதினோரு வருசத்துல அவ அந்த நடையில நின்னு கும்பிட்டது அன்னைக்குத்தான். அதுவரைக்கும் உக்காந்துதான் கும்பிட்டிருக்கா, முன்னால நிக்கவங்க முதுகைத்தான் பாத்திருக்கா.

பெரியவரு, "விளக்கு இந்த உயரத்துல இருக்குன்னே உனக்கு இன்னைக்குத்தான் தெரியும், என்னா?"ன்னாரு. அம்புட்டுத்தான். அதுவே சம்மதம். போறப்ப என்கிட்ட, "மேடைக்குப் படி கிடையாது மயினி, அதுக்கு என்ன செய்யப் போறீய?"ன்னு கேட்டாரு.

அதை நான் யோசிக்கவே இல்லை. வில்லு மேடைன்னா எண்ணெய் டிரம்மு மேல பலகை போட்டது, இடுப்பு உயரம். ஆம்பிளைங்க துள்ளி ஏறிருவாங்க. மாடசாமிதான் வழி சொன்னான். பட்டறையில லாரிக்குத் தோல்கட்டு ஏத்த நீளப் பலகை ஒண்ணு உண்டு, சாச்சுப் போட்டு உருட்டிட்டுப் போவாங்க. அதைத் தூக்கிட்டு வந்தாங்க. பெரியவரு மஞ்சத்தண்ணி ஊத்தி ரெண்டு தடவை கழுவச் சொன்னாரு. ஷாந்தாபாய் வந்து மூணாவது தடவையும் கழுவிட்டுப் போனா.

செவ்வாய்க்கிழமை உச்சிக்கொடை. வெயிலு மண்டையைப் பிளக்குது. பந்தலுக்குள்ள தாராவி, வடாலா, பாண்டுப்புன்னு எங்கெங்க இருந்தோ நம்ம சனம். பொங்கப் புகை ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம். வில்லுல மணியெல்லாம் கட்டி, குடத்தை வச்சு, கதை பாடுற அண்ணாவி வில்லை அடிக்கிற வீசுகோலை எடுத்துட்டாரு. எல்லாரும் ஏறி உக்காந்தாச்சு. பின்பாட்டுக்காரி இடம் மட்டும் காலியாக் கிடக்கு.

வடிவு பலகையில காலை வச்சா. பச்சைப் பாவாடை, மஞ்சத் தாவணி. சித்தப்பாக்காரன் பழக்கத்துல ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு முன்னால வந்தான். நான் அவன் சட்டையைப் பிடிச்சுப் பின்னால இழுத்தேன். மரம் பலகையில பட்டு டொக்குன்னுது. வெறுங்காலு சத்தம் இல்லை. டொக்கு, ஒண்ணுமில்லை, டொக்கு, ஒண்ணுமில்லை. நடுவுல பலகை கொஞ்சம் ஆடுச்சு. நின்னா. மூச்சு விட்டா. மறுபடி டொக்கு. மேல போய்ச் சேந்து, முட்டுல இருக்க பூட்டைத் தூக்குனா, அது டக்குன்னு விட்டுச்சு, காலு மடங்குச்சு, அவ இடத்துல உக்காந்தா. பாவம்னு யாரும் சொன்ன மாதிரி என் காதுல விழலை. என் பக்கத்துல நின்னவ கேட்டது, "பச்சைப் பாவாடை எந்தக் கடையில எடுத்தாங்க?"ன்னு.

அவ பாடுனதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அண்ணாவி கதையை ஒரு இடத்துல நிறுத்தி, அவளை மட்டும் பாட விட்டாரு. பெரியவரு உடுக்கு அடிக்க மறந்துட்டு நின்னாரு.

அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு: பூ! காலையில மாதுங்காவுலருந்து வாங்கியாந்த பிச்சிப்பூ என் மடியிலயே கிடக்கு, வைக்க மறந்துட்டேன். பாட்டு ஒரு நிறுத்தத்துக்கு வந்ததும் நான் மேடையைப் பாத்தேன். இடுப்பு உயரம். என் முட்டுக்கு எந்தக் காலத்துல ஏறும்? பலகையைப் பாத்தேன். சரின்னு அதுல காலை வச்சேன். பாதி தூரம் போனதும் பலகை ஆடுது, எனக்கு உசுரு ஆடுது. முன்னாலயும் போக முடியலை, பின்னாலயும் போக முடியலை.

டக்குன்னு ஒரு சத்தம். நிமுந்து பாக்கேன். வடிவு எந்திரிச்சு, முட்டுப் பூட்டைப் போட்டுட்டு, பலகை நுனிக்கு வந்து நிக்கா. குனிஞ்சு எனக்குக் கையை நீட்டுதா.

"வா ஆச்சி. பயப்படாத, நான் பிடிச்சுக்கிடுதேன்."

பிடிச்சுக்கிட்டு ஏறுனேன்.